மூன்றாம் படியில் நல்வரவு



புதுமனை கட்டியவர் வாயிலில் 'நல்வரவு' என்று பொறித்து வைக்கிறார். பளிங்கிலே பொறிப்பார் ஒருவர், வண்ண ஓட்டிலே பதிப்பார் இன்னொருவர், வசதியற்றோர் வீட்டிலே கோலமாவு அந்த வேலையைச் செய்யும். எழுத்து அழகுதான், எண்ணமும் அழகுதான். ஆனால் எங்கே எழுதியிருக்கிறது? மூன்றாம் படியில்! முதற்படியையே ஏற முடியாதவர் தெருவில் இருந்தபடியே அதைப் படித்துக் கொள்ளலாம், படித்துவிட்டுத் திரும்பலாம். வரவேற்பு இருக்கிறது, வழிதான் இல்லை.

படிக்கட்டைப் பற்றியா அரசியல் கட்டுரை என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். படிக்கட்டைப் பற்றி நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? 1924-இல் வைக்கத்தில் நடந்த கிளர்ச்சி கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் கால் வைத்து நடப்பதற்காக! அங்கே 'வராதே' என்றவன் மனிதன். அவனை மறுத்துப் பேசலாம், மேடை போட்டுக் கண்டிக்கலாம், சிறை சென்று பணிய வைக்கலாம். இங்கே 'வராதே' என்பது கல். கல்லோடு யார் வாதாடுவது? இரண்டும் ஒன்றே என்று நான் கூறவில்லை. சாதித் தடையில் வஞ்சகம் இருந்தது. இதில் இருப்பது மறதி. எனினும், வெளியே நிற்பவர் தலையில் விழும் வெயில் ஒன்றுதான்!

சக்கர நாற்காலியில் வாழும் ஒரு தோழரை எண்ணிப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகிறார், சாய்தளம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொண்டு போகிறார், அங்கும் இருக்கிறது. தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் சாய்தளம் போட்டு வைக்கிறார்கள். சென்னை மெரினாவில் 2022-இல் மணல்மீது மரப்பாதை அமைத்தார்கள். நாற்காலியோடு சென்று கடலலையைக் காணவும் வழி பிறந்துவிட்டது. மகிழ்ச்சி! ஆனால் கடலை எட்டியவரால் அண்ணன் வீட்டை எட்ட முடியவில்லையே! தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை உள்ளே, தாய்மாமன் தெருவிலே. நோயாளியாக நுழையலாம், மனுதாரராக நுழையலாம், வாக்காளராக நுழையலாம். மாமனாக நுழைய முடியாது! மனிதன் என்று நாம் சொல்வது இவற்றுள் எதை?

2010-இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விலக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தோம். சொல்லை மாற்றியவர்கள் நாம். நிலைப்படியை மாற்றினோமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுக் கட்டடங்கள் எப்படி அமைய வேண்டும் என்று அது கூறுகிறது. விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றமும் சொல்லிற்று. ஆனால் தனி மனிதர் வீட்டு வாயிலுக்கு வந்ததும் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று விடுகிறது.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: அரசு வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 வீடுகள் மாற்றுத்திறனாளிகளுக்கு. நல்ல பிரிவு, வேண்டிய பிரிவு. குறை சொல்ல வரவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 வீட்டுக்கு 1 வீடு. அந்த ஒரு வீட்டில் அவர் இருப்பார். மற்ற 19 வீடுகளில்? அங்கேதான் அவருடைய நண்பர் இருக்கிறார், சீட்டுப் பிடிக்கும் அக்கா இருக்கிறார், தேர்வுக்குப் பாடம் சொல்லித்தரும் தம்பி இருக்கிறார். அந்த 19 வாயிலிலும் படிகள்! வீடு கொடுத்துவிட்டு ஊரைப் பறித்துக்கொண்டால், அந்த வீட்டுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டியிருக்கும். சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கணக்கை நமக்கு முன்பே போட்டுப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்க நாட்டில், ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரத்தில். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த ஊர்! எலினார் ஸ்மித் என்ற அம்மையார். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் நாற்காலியில் வாழ்ந்தவர். புதிதாக எழும்பிய வீட்டு வரிசைகளைப் பார்த்தார். எல்லாம் புத்தம் புதியவை, எல்லாவற்றுக்கும் படிகள். தனக்கென ஒரு வீடு கேட்கவில்லை அவர். "எல்லா வீடும் நான் விருந்தினளாகப் போகக்கூடியதாக ஏன் இருக்கக் கூடாது?" என்ற கேள்வியை எடுத்தார். 1987-இல் ஒரு சிறு குழுவைச் சேர்த்தார். 'கான்க்ரீட் சேஞ்ச்' என்று அதற்குப் பெயர். உருப்படியான மாற்றம் என்று பொருள். சிமெண்டுக் கலவை என்றும் பொருள் கொள்ளலாம். குறும்பான பெயர்தான்!

அவர்கள் கேட்டவை மூன்றே மூன்று. ஏதேனும் ஒரு வாயில், முன்புறமோ பக்கவாட்டிலோ பின்புறமோ, படியின்றி இருக்கட்டும். கீழ்த்தளத்துக் கதவுகளில் 32 அங்குலம் தடையற்ற இடைவெளி இருக்கட்டும். கீழ்த்தளத்தில் நாற்காலி நுழையத்தக்க ஒரு கழிவறை இருக்கட்டும். அவ்வளவே! மின்தூக்கி கேட்கவில்லை, மாளிகை கேட்கவில்லை. விருந்துக்கு வருபவர் உள்ளே வரவேண்டும், அறைக்கு அறை நகர வேண்டும், இயற்கை அழைத்தால் மானத்தோடு போய்வர வேண்டும். மூன்றாவதைப் பற்றி மேடையில் பேசக் கூசுகிறோம். ஆனால் திருமணத்துக்கு வந்த இடத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், மூன்றில் எது முதல் என்று!

நமக்குள்ள இடைவெளியே அங்கும் இருந்தது. 1988-இல் வந்த சட்டம் நான்கும் அதற்கு மேலும் குடியிருப்புகள் கொண்ட கட்டடங்களைப் பற்றிப் பேசிற்று. 1990-இல் வந்த சட்டம் பொது இடங்களைப் பற்றிப் பேசிற்று. தனி வீடு தனித்தே நின்றது. சிறு குழு சோர்ந்து போகவில்லை. 1992-இல் அட்லாண்டா மாநகராட்சியே விதி செய்தது: நகரத்தின் நிதியுதவி பெற்றுக் கட்டப்படும் தனி வீடுகளும் இரட்டை வீடுகளும் இந்த இலக்கணத்தோடு எழவேண்டும் என்று. இங்கிலாந்தில் 1999 முதல் புதுவீடுகளுக்கெல்லாம் இத்தகைய விதி. அரிசோனா மாநிலத்துப் பீமா கவுண்டியில் 2002-இல் புதுத் தனிவீடுகளுக்கெல்லாம் விதித்தனர். வீடு கட்டி விற்போர் வழக்குத் தொடுத்தனர். 2003-இல் மேல்முறையீட்டு மன்றம் கவுண்டியின் பக்கமே தீர்ப்பளித்தது. இத்தனைக்கும் விதை ஒரு பேரரசின் ஆணை அல்ல, ஓர் ஊரில் கூடிய சிலர்!

இனி, நம்மூர் மறுப்புகள். "நாலு பேர் சேர்ந்து தூக்கினால் போயிற்று, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று அன்பர் ஒருவர் கேட்பார். அன்பர்தான், ஐயமில்லை, தூக்கவும் முதல் ஆளாக வருவார். ஆனால் நாலு பேர் தூக்கிச் செல்வது எந்த மனிதருக்கும் ஒருநாள் நடக்கத்தான் போகிறது. அதை உயிரோடு இருக்கும்போதே பழகிக் கொள்ளச் சொல்வதா சுயமரியாதை?

"வெள்ளம் வருகிறதே, மேடாகக் கட்டாமல் என்ன செய்வது?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2015-இல் சென்னை பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. சாலை போடும்போது பழைய தார்ப்படலத்தைச் சுரண்டாமல் மேலுக்குமேல் போட்டுத் தெருவை உயர்த்துகிறார்கள். தெரு உயர வீடு உயர்கிறது, வீடு உயரப் படி பெருகுகிறது. ஆனால் உயரம் நமக்குப் பகையல்ல, படிதான் பகை. ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. இரண்டடிக்கு 24 அடி. முன்புறம் இடமில்லையெனில் பக்கச்சுவரை ஒட்டிக் கொண்டு போகலாம், மடக்கித் திருப்பலாம். ஒரு சென்ட் மனையில் ஒட்டிக் கட்டும் சந்து வீட்டுக்கு முடியாமலும் போகலாம். மற்ற நாட்டு விதிகளிலும் இடங்கொடாத மனைக்கு விலக்கு உண்டு. முடியாத வீட்டைக் காட்டி, முடிந்த வீடுகளும் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்பதே நம் வாதம்.

வேடிக்கை ஒன்று சொல்லட்டுமா? சரிவு கட்டத் தெரியாதவர்கள் அல்லர் நாம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் வீட்டு வாயிலைப் பாருங்கள். படிக்குப் பக்கத்திலேயே சிமெண்டுச் சரிவு! இரவில் வண்டி நனையக்கூடாது, களவு போகக்கூடாது, உள்ளே வந்து உறங்க வேண்டும். இரண்டு சக்கரமும் இயந்திரமும் உள்ளதற்கு வழி விட்ட வீடு, சக்கரத்தின்மேல் மனிதன் வந்தால் மட்டும் கைவிரிக்கிறது. வண்டிச் சரிவு செங்குத்து. அதில் நாற்காலி கவிழும். இன்னும் சற்று நீட்டி, சற்று அகலமாக்கிக் கட்ட எத்தனை சட்டி கலவை ஆகிவிடும்?

செலவு பற்றிப் பேசுவோர் காலத்தை மறந்து பேசுகின்றனர். கடைக்கால் தோண்டும் முன்பு சொன்னால் சரிவு என்பது வரைபடத்தில் ஒரு கோடு. நிலை வைக்கும் நாளுக்கு முன்பு சொன்னால் அகலக் கதவு என்பது ஆசாரியிடம் சொல்லும் ஒரு வார்த்தை. நிலைக்கு மஞ்சள் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைத்தபின் சொன்னால் உளி, சம்மட்டி, சண்டை! கழிவறைக்கு இரண்டடி, இரண்டரை அடிக் கதவு என்று மேஸ்திரி கை பழகிவிட்டது. நிலையின் கனம் போக மிஞ்சுவது இன்னும் குறைவு. மூன்றடி நிலை வை என்று அந்த ஒரு நாளில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சென்னைக் கோட்டையிலிருந்து அந்த ஆள் வரமாட்டார். அதே தெருவிலிருந்துதான் வரவேண்டும்.

ஆகவேதான் வட்டந்தோறும் ஒரு பணிக்குழு வேண்டும் என்கிறேன். ஐவர் போதும். நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ வாழ்பவர் ஒருவர், தலைமை அவருக்கே! அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவர். வீட்டு வரைபடம் போடுபவர் ஒருவர். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து ஒருவர். எந்தத் தெருவில் யார் செங்கல் இறக்கியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு உளவுத்துறைக்கும் தெரியாது. ஐந்தாமவர் நீங்கள். மேஸ்திரி மாற்றுக் கட்சிக்காரராக இருந்தால் இருக்கட்டும்; கரண்டிக்குக் கொடி கிடையாது.

வேலைக்கும் களம் இருக்கிறது. 2030-க்குள் குடிசைகளுக்கு மாற்றாக 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது கலைஞர் கனவு இல்லத் திட்டம். 360 சதுர அடி வீடு, 3.5 இலட்சம் ரூபாய். சிற்றூரில் வாயிலுக்கு முன்னே மண் இருக்கிறது. சரித்துப் போட இடம் இருக்கிறது. அரசுப் பணத்தில் எழும் வீட்டுக்கு நிபந்தனை போடுவது அட்லாண்டா காட்டிய வழிதானே! கிராம சபையில் தீர்மானம் கொண்டு வாருங்கள். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. அந்த உறுப்பினர் வாயால் தீர்மானம் வரட்டும். அவர் மன்றக் கட்டடத்துக்குள் எப்படி வந்தார் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 இலட்சத்து 79 ஆயிரம் பேர். 60 வயதைத் தாண்டியோர் நூற்றுக்கு 13-க்கும் மேல் என்பது 2021-க்கான மதிப்பீடு. முழங்காலைப் பிடித்தபடி படிக்குப் படி நின்று ஏறும் நம் தாய்மார் முதற்கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் சரிவு கட்டி முடித்த அன்றே அதன்மீது முதலில் நடப்பவர்கள் அவர்களே.

தொடங்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர்ப் படிப்பகம், கிளை அலுவலகம், மாவட்ட அலுவலகம். அளக்கும் நாடா ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். வாயிலில் எத்தனை படி, தரையிலிருந்து உயரம் எத்தனை அங்குலம், பக்கவாட்டில் எத்தனை அடி இடம், கதவின் அகலம் என்ன, கழிவறைக் கதவின் அகலம் என்ன? ஐந்து எண்கள். ஓர் அஞ்சலட்டையில் எழுதி, ஊர்ப் பெயரும் வட்ட எண்ணும் குறித்து, வரும் ஞாயிற்றுக்குள் இவ்விதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படியில்லாத முதல் படிப்பகம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரின் பெயரை இதே பக்கத்தில் அச்சிடுவோம்.