கறைக்கு ஒரு விலையா?

வெள்ளியின் மேல் படிந்த கறையை விற்பதற்கு இப்போது ஒரு புதுச் சந்தை முளைத்திருக்கிறது. நீலமும் ஊதாவும் பொன்மஞ்சளும் ஏறிய பழைய வெள்ளி ரூபாயைக் கைப்பேசியில் படமாகக் காட்டி, அதிலுள்ள வெள்ளியின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கும் பத்து மடங்கும் கேட்கிறார்கள். அதற்கு ‘டோனிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது முதலீடு என்றும் சொல்லுகிறார்கள். அது முதலீடு அன்று என்பதும், அதில் நடைபெறும் சில பரிமாற்றங்கள் மார்க்கத்தில் தடுக்கப்பட்டவை என்பதும் நமது நிலைப்பாடு.

சுங்குவார்சத்திரத்தில் இக்கேள்வியை நம்மிடம் கொண்டு வருபவர்கள் செல்வந்தர்கள் அல்லர். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மூன்று ஷிப்டில் உழைத்து, நான்கு பேர் ஓர் அறையில் தங்கி, ஓவர்டைம் பணத்தையும் போனசையும் தங்கையின் நிக்காஹுக்காகச் சேர்த்து வைக்கும் பிள்ளைகள் அவர்கள். வங்கி வட்டி வேண்டாம் என்று விலகி நிற்கும் அவர்களுடைய பேணுதல்தான் இந்த வணிகருக்கு வாசலாகிறது. “வட்டியில்லாத சேமிப்பு, வெள்ளி சுன்னத்தான உலோகம்” என்று பேச்சைத் தொடங்குகிறார்கள். வெள்ளியில் சேமிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விற்கப்படுவது வெள்ளிதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். 1835 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் ஒரே அளவில் அடித்த ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். ஒரு தோலா என்று நம் முன்னோர் சொன்னதும் இதே எடைதான். இதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே தூய வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம். 1940-இல் அரசு வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. 1947-இல் வந்த ரூபாய் நிக்கல். அதில் வெள்ளியே இல்லை. அன்றைய கிராம் விலையை 10.7-ஆல் பெருக்கினால், 1940-க்கு முந்திய ரூபாயின் உலோக மதிப்பு கிடைத்துவிடும். ஒரு பேச்சுக்குக் கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,140 ரூபாய். அதே நாணயத்துக்கு 15,000 கேட்பவர், சுமார் 13,000 ரூபாயை அதன் மேலுள்ள நிறத்துக்குக் கேட்கிறார்.

அந்த நிறம் என்ன? காற்றிலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்னும் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் உள்ள அப்படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்கும்போது நிறம் தோன்றுகிறது. நெடுஞ்சாலையோரம் லாரி நின்ற இடத்தில், மழைநீரின் மேல் மிதக்கும் எண்ணெயில் நாம் தினமும் காணும் வானவில்லும் இதே வகையைச் சேர்ந்ததுதான். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள் செம்மையாகும், செம்மை நீலமாகும், இறுதியில் எல்லாம் கறுப்பாகும். வீட்டு அலமாரியில் கவனமின்றி வைத்த வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். ஆகவே 13,000 ரூபாய் கொடுத்து வாங்கிய நீலம், கறுப்பை நோக்கிய பயணத்தில் ஓர் இடைநிலை.

நமக்குப் பக்கத்திலுள்ள காஞ்சிபுரத்தில் இதற்கு நேரெதிரான வழக்கத்தைக் காணலாம். அங்கே பட்டில் நெய்யும் அசல் ஜரிகையின் உள்ளே இருப்பதும் வெள்ளிதான். அதன் மேல்தான் பொன் பூச்சு. அந்த ஜரிகை சற்றே கறுத்தால் வாங்கியவர் கடைக்குத் திரும்பி வந்து சண்டையிடுகிறார். ஒரே வெள்ளி, ஒரே கந்தகம். புடவையில் படிந்தால் குறை. நாணயத்தில் படிந்தால் நிறையாம்!

இவ்வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1878 முதல் அடிக்கப்பட்ட மார்கன் டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகத் துணிப் பைகளில் கட்டப்பட்டு, அரசுக் கருவூலத்தில் பல்லாண்டுகள் அசையாமல் கிடந்தன. பைத்துணியை ஒட்டியிருந்த நாணயங்களில் வண்ணம் ஏறிற்று. 1960-களின் தொடக்கத்தில் அவை வெளியே வந்தபோது சேகரிப்பாளர்கள் அவற்றை விரும்பினார்கள், விலையும் ஏறிற்று. புழங்காத நாணயம், பல பத்தாண்டு இருட்டு, துணியின் தொடுகை ஆகியவை அந்த நிறத்துக்கு ஒரு வரலாற்றைத் தருகின்றன. நம் ரூபாய்க்கு அப்படிப்பட்ட வாழ்வு வாய்ப்பது அரிது. அது சந்தையில் கைமாறிற்று, மண் கலயத்தில் புதைந்தது, வளையமிட்டுக் காசு மாலையில் கோக்கப்பட்டது, பெருநாளுக்கு முன் பற்பொடியிட்டுத் தேய்க்கப்பட்டது. மன்னரின் மூக்கு மழுங்கும் அளவுக்குத் தேய்ந்த ரூபாயில் மட்டும் நேற்றுப் பூத்தது போல் வானவில் எப்படி வந்தது என்று கேட்பவர் எவருமில்லை.

அதே மார்கன் டாலர்கள் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அதை இந்த வணிகர்கள் சொல்வதில்லை. முதல் உலகப் போரின்போது இந்திய மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி கேட்டு நெருக்கினார்கள். 1917-இல் ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு அடிக்கும் நிலைக்கு அரசு வந்தது. அப்போது, 1918 ஏப்ரலில், அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றி, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிற்று. அதன் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்திய ரூபாய்களாயிற்று. நம் பாட்டிமார் பெட்டியில் கிடக்கும் 1918-ஆம் ஆண்டு ரூபாய்களில் அந்த டாலர்களின் வெள்ளியும் கலந்திருக்கலாம்.

பழைய நாணயத்துக்கு உலோக விலைக்கு மேல் எதுவும் தரலாகாது என்று நாம் சொல்லவில்லை. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னரின் அங்கியில் பொறித்திருந்த சிறு யானை பன்றியைப் போலத் தோன்றியதால் முஸ்லிம்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அச்சிட்ட சுமார் 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளியே சென்றிருந்தன. எஞ்சியவற்றை உருக்கிவிட்டு, 1912-இல் யானையின் உருவத்தைத் திருத்தி அடித்தார்கள். அந்த ஆண்டு நாணயம் அரிது என்பதற்குக் காரணம் உண்டு. அதை எவரும் நூலில் பார்த்துச் சரிபார்க்கலாம். அவித்த முட்டையால் அந்த அருமையை உண்டாக்க முடியாது.

அவித்த முட்டையை விளையாட்டாகச் சொல்லவில்லை. நன்கு அவித்த முட்டையிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். மூடிய டப்பாவில் முட்டைத் துண்டையும் வெள்ளி நாணயத்தையும் சேர்த்து வைத்தால் சில மணி நேரத்தில் பொன்மஞ்சளும் நீலமும் வந்துவிடும். கந்தகக் கரைசலில் தோய்த்தால் இன்னும் விரைவு. இயற்கை நிறத்தையும் இந்தச் சமையலறை நிறத்தையும் கைப்பேசிப் படத்தில் பிரித்தறிய நிபுணராலும் இயலாது. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள் நாணயத்தை நேரில் ஆராய்ந்து, நிறம் ஐயத்துக்குரியது என்று கண்டால் வழக்கமான தர எண் தர மறுக்கின்றன. சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எந்தக் கண்ணாடியைக் கொண்டு ஆராய்வான்?

இவ்விடத்தில் பிக்ஹு நூல்கள் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாகப் பேசுகின்றன. ஆட்டின் மடியைக் கட்டி, பால் நிறைந்தது போல் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். இதை அடிப்படையாகக் கொண்டு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் வேறு உதாரணங்களையும் சேர்க்கிறார்கள். கால்வாய் நீரைத் தேக்கி வைத்து, விற்கும் நேரத்தில் திறந்துவிட்டு நீரோட்டம் மிகுதி என்று காட்டுவது ஒன்று. அடிமை வணிகம் இருந்த அக்காலத்தில், விற்கப்படுபவரின் முகத்துக்குச் செம்மை ஏற்றுவதும் முடியைக் கறுப்பாக்குவதும் இன்னொன்று. இவற்றிலெல்லாம் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். நாணயத்துக்கு முட்டையால் நிறம் ஏற்றுவது இந்தப் பட்டியலில்தான் சேரும்.

அதே இடத்தில் இமாம் அவர்கள் ஒரு விதிவிலக்கும் சொல்கிறார்கள். வணிகர் தரப்பு அதைப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் நாமே எடுத்துரைக்கிறோம். அடிமையின் ஆடையில் மைக்கறை தடவி, எழுதத் தெரிந்தவன் போல் காட்டினால், அந்த உரிமை இல்லை என்பதே வலுவான கருத்து; வாங்குபவர் எளிதாக விசாரித்து அறிந்திருக்கலாம் அல்லவா? “நீங்கள் படத்தைப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?” என்று கேட்பவர் இந்த நிழலில் ஒதுங்கப் பார்க்கிறார். ஆனால் ஆடையின் கறைக்காக எவரும் விலை கொடுக்கவில்லை. அது ஒரு குறிப்பு மட்டுமே. இங்கோ கறைக்குத்தான் விலை. விலைக்குக் காரணமான பண்பையே போலியாக உண்டாக்கியவர், முகத்துக்குச் செம்மை ஏற்றியவரின் வரிசையில்தான் நிற்கிறார்.

அடுத்தது இதைவிடக் கடுமையான செய்தி. நாணயத்துக்கு நாணயம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் பரவுகிறது: “என் நிறமேறிய ஒரு ரூபாயை எடுத்துக்கொள், உன் சாதாரண வெள்ளி ரூபாய் நான்கைக் கொடு.” இதில் பணமே கைமாறாததால் பலருக்கு உறுத்துவதில்லை. ஆனால் வெள்ளிக்கு வெள்ளி என்றால் எடை சமமாகவும் கையோடு கையாகவும் இருக்க வேண்டும் என்பது உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸின் கருத்து. ஒரு போரில் கிடைத்த வெள்ளிப் பாத்திரத்தை, மக்கள் பெற வேண்டிய மானியத்துக்கு ஈடாக விற்க ஏற்பாடானபோது, எழுந்து நின்று இதைச் சொல்லித் தடுத்தவர்களும் அவர்களே. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நகையின் வேலைப்பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு என்று கூறிய இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோரின் கருத்தை இங்கே இழுக்கவும் வழியில்லை. கொல்லனின் உழைப்பு வேறு, கந்தகத்தின் கறை வேறு.

தரம் வேறுபட்டாலும் விதி மாறாது என்பதற்கு பிலால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி போதும். தாழ்ந்த பேரீச்சம்பழம் இரண்டு ஸாவு கொடுத்து, உயர்ந்த பர்னீ வகை ஒரு ஸாவு வாங்கி வந்தபோது, அதுவே ரிபா என்று நபி (ஸல்) அவர்கள் வருந்திக் கூறினார்கள். தம்மிடம் இருப்பதை விற்று, அந்த விலையைக் கொண்டு வேறு வாங்கும்படி வழியும் காட்டினார்கள். இனிப்பில் வேறுபட்ட பழத்துக்கே இவ்விதி என்றால் நிறத்தில் வேறுபட்ட வெள்ளிக்கு என்ன சொல்ல?

காகித ரூபாய் கொடுத்து வாங்கினால் எடைச் சமன் தேவையில்லை. விலை எவ்வளவும் இருக்கலாம். ஆனால் காகிதப் பணத்துக்கும் ரிபாவின் விதிகள் உண்டு என்று 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச பிக்ஹு அகாடமி முடிவு செய்தது. அதன்படி இன்று முழுப் பணத்தையும் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துக் கூரியரில் வெள்ளியைப் பெறுவது தடுக்கப்பட்டதாகும். ஒரு தரப்பு கைப்பற்றினாலே போதும் என்று கூறும் ஹனஃபி அறிஞர்களும் உண்டு. அவர்களைப் பின்பற்றுவோரை நாம் பழிக்கவில்லை. அந்தப் பத்து நாளில் விற்றவரின் எண் அணைந்துபோனால் மத்ஹபு எதுவாயினும் பணம் போனது போனதுதான்.

அழகுக்கு விலை கொடுக்கக் கூடாதா என்று ஒரு சகோதரர் கேட்டார். கொடுக்கலாம். கையில் வாங்கிப் பார்த்து, வெள்ளி எவ்வளவு, நிறத்துக்கு எவ்வளவு என்று அறிந்து, மிச்சமுள்ள பணத்தில் ஆசைக்காக ஒன்று வாங்குபவரை ஹராம் செய்தார் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் மீன் தொட்டி வாங்குவது போல வாங்குகிறார். தங்கையின் நிக்காஹுக்கான பணத்தை அதில் போட்டு, நாளை இருமடங்காகும் என்று காத்திருப்பவரின் நிலை வேறு. நிறத்துக்குக் கொடுத்த தொகையை உள்ளூர் வெள்ளிக் கடை ஒன்றும் திருப்பித் தராது. தராசில் வைத்து உலோக விலையையே சொல்லும். மேல் விலை தருபவரும் அதே கைப்பேசிக் குழுவில் உள்ள இன்னொரு ஆசைக்காரர்தான். 786 எண் கொண்ட நோட்டை ஆயிரக்கணக்கில் விற்கும் கூட்டமும் இப்படித்தான் நம் சமுதாயத்தைக் குறிவைக்கிறது. பழைய நாணய, நோட்டு விற்பனையில் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

விற்பவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். நம் நாட்டு ஹனஃபி வழக்கில் 52½ தோலா. பெரும்பங்கு வெள்ளியாயின் முழுவதும் வெள்ளி என்பது அம்மத்ஹபு. எனவே 53 பழைய ரூபாய் இருந்தாலே ஜகாத் வந்துவிடும். தூய வெள்ளியை மட்டும் எண்ணும் ஷாஃபிஈ மத்ஹபில், நிஸாபு 595 கிராம் என்று கொண்டால், 56 ரூபாய். இது வைத்திருப்பவருக்கு. வணிகத்துக்காக வாங்கிக் குவித்தவரோ சரக்கின் சந்தை விலையில் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டியவர். படத்தின் கீழே 15,000 என்று எழுதிவிட்டு, ரமலானில் மட்டும் “ஒரு தோலா வெள்ளிதானே” என்று கணக்கிடுவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். 15,000 உண்மையான விலையா, அன்றா? இரண்டில் ஒன்றை அவர்கள் சொல்லட்டும்.

ஏற்கெனவே ஒன்றுக்கு நான்காக வெள்ளி மாற்றிக்கொண்டவர்கள், எதிர்த்தரப்பு இவ்வட்டாரத்திலேயே இருந்தால், அவரவர் நாணயத்தை அவரவரிடம் திருப்பி ஒப்படைத்து ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகும் அந்த நாணயம் வேண்டும் என்று தோன்றினால், உங்கள் நான்கையும் கடையில் எடை போட்டு விற்று, பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு போய் விலை பேசுங்கள்.