கோமாளி வேடத்தில் ஒரு குமுறல்

நகைப்பு யாவும் மகிழ்ச்சியிலிருந்து பிறப்பதில்லை. ஆற்றொணாத் துயரமும் சிற்சில வேளைகளில் நகைப்பாக உருமாறுவதுண்டு. மேனாட்டு இசையில் "புதிய அலை" எனப் பெயர்பெற்ற போக்கிலே இதற்குத் தக்க சான்று, "டீவோ" என்னும் அமெரிக்கக் குழுவினர் 1978ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்ட முதல் இசைத்தட்டாகும். "நாம் மனிதர் அல்லமோ?" என்னும் பொருள்படும் வினாவும், "நாம் டீவோ!" என்னும் விடையுமே அதன் தலைப்பு.

மனிதகுலம் கூர்ப்படைந்து உயர்கிறது என்பர் அறிஞர். இக்குழுவினரோ, அது பின்னோக்கித் தேய்ந்து வருகிறது என்றனர். அத்தேய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அவர்தம் பெயர்.

இவ்விந்தைக் கொள்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், ஒகையோ மாநிலத்துக் கென்ற் பல்கலைக்கழகத்திலே, வியட்நாம் போர் கம்போடியாவுக்கும் விரிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மாணவர்மீது தேசியக் காவற்படையினர் சுட்டனர். நால்வர் மாண்டனர், ஒன்பதின்மர் காயமுற்றனர். அன்று அங்கிருந்த மாணவருள் ஒருவர் ஜெரால்ட் கசாலி. மாண்டோருள் இருவர் அவருக்கு அறிமுகமானவர். மனிதன் முன்னேறுகிறான் என்ற நம்பிக்கை அவரிடம் அன்றே தகர்ந்தது. அவரும் சக மாணவர் மார்க் மதர்ஸ்போவும் சேர்ந்து அமைத்த குழு, 1973இல் அதே வளாகத்திலேயே முதன்முதல் மேடையேறியது.

அவர்களுடைய ஊராகிய அக்ரன், "உலகின் றப்பர் தலைநகர்" எனப் புகழ்பெற்ற டயர்த் தொழில் நகரம். இசைத்தட்டைக் கேட்போர்க்கு ஆலை இயந்திரங்களே நினைவுக்கு வரும். தாளம் வெட்டி வெட்டி விழுகிறது. குரல் பொம்மையின் குரல்போல் விறைத்து ஒலிக்கிறது. மேடையிலும் அவர்கள் ஆலைத் தொழிலாளர்போல் ஒரேவகை மஞ்சள் அங்கியே அணிந்தனர். றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 1965இல் புகழீட்டிய "சற்றிஸ்பக்சன்" பாடலும் இத்தட்டிலே இடம்பெறுகிறது. மூலப் பாட்டின் மிடுக்கு மறைந்து, நிறைவு காணமாட்டாத ஓர் இயந்திரத்தின் தவிப்பே அதில் எஞ்சி நிற்கிறது.

தட்டைத் தயாரித்தவர் பிறயன் ஈனோ. பதிவின் பெரும்பகுதி ஜேர்மனியில், கொலோன் நகருக்கு அண்மையிலுள்ள கொனி பிளாங்கின் கலையகத்திலே நிகழ்ந்தது. ஈனோ சேர்க்க விரும்பிய ஒலியழகுகளிற் பலவற்றைக் குழுவினர் ஏற்கவில்லை. தங்கள் கரடுமுரடு மெருகேறிவிடலாகாது என்பதிலே அத்துணைப் பிடிவாதம்!

பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தை எட்டிய இத்தட்டு, தாய்நாட்டில் 78ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. வெறும் கோமாளிக் கூத்தென்று ஒதுக்கியோரும் உளர். ஆயினும், சிரிப்பு மூட்டும் அவ்வொலிகளுக்கு அடியிலே, வீடு திரும்பாத நான்கு மாணவரின் நினைவு கிடக்கிறது. அதை அறிந்தபின் கேட்கும் செவிக்கு, அச்சிரிப்பு அத்துணை எளிதாக வந்துவிடாது.