ஜாவா புதிது, கருவி பழையது: குற்றம் யார் மேல்?

இறுதியாண்டு புராஜெக்டைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டே நாள். நேற்று வரை ஒழுங்காக ஓடிய நிரல். கணினியில் ஜாவா 17-ஐ நிறுவியதும், கிரேடில் "அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61" என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அப்புறம் என்ன? நிரலில் அங்கே இங்கே கை வைப்பார்கள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். கடைசியில் ஜாவாவே மோசம் என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

உண்மையில் நோயும் மருந்தும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. பார்க்க வேண்டியது 61 என்ற எண்ணை.

ஜாவா கம்பைலர் உருவாக்கும் ஒவ்வொரு கிளாஸ் கோப்பின் தொடக்கத்திலும், அது எந்தப் பதிப்புக்கானது என்று ஓர் எண் பதிந்திருக்கும். ஜாவா 8 என்றால் 52, ஜாவா 11 என்றால் 55, ஜாவா 17 என்றால் 61, ஜாவா 21 என்றால் 65. எண்ணிலிருந்து 44-ஐக் கழித்தால் பதிப்பு தெரிந்துவிடும். கிரேடில் தன் வேலைக்காக இந்தக் கோப்புகளைத் திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. தான் வெளியானபோது இல்லாத எண்ணைக் கண்டால் நின்றுவிடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோல் படித்துத் தப்பும் தவறுமாக எதையாவது செய்வதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஜாவா 17 வெளியானது 2021 செப்டம்பரில். அதன் மேல் ஓடக்கூடிய முதல் கிரேடிலான 7.3 வந்தது நவம்பரில். 2023-லும் இதேதான்: செப்டம்பரில் ஜாவா 21, நவம்பரில் கிரேடில் 8.5. 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா வருகிறது. கருவிகள் பின்னாலேயே ஓடி வருகின்றன. ஆக, இந்த இடைவெளி யாருடைய குற்றமும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நிறுவுவதுதான் குற்றம்.

தீர்வு இரண்டே. ஒன்று, புராஜெக்டில் உள்ள கிரேடில் ராப்பர் கோப்பில் பதிப்பு எண்ணை உயர்த்துவது. இல்லையென்றால், ஜாவா ஹோமைப் பழைய ஜாவாவுக்குத் திருப்புவது. முதலாவதே நிரந்தரத் தீர்வு. ஆனால் கிரேடிலை உயர்த்தினால் பழைய பிளகின்கள் சில முரண்டு பிடிக்கலாம். எனவே இரண்டு நாள்தான் மீதி என்றால், ஜாவா 11-க்குத் திரும்பிச் சமர்ப்பித்துவிட்டு, உயர்த்தும் வேலையைப் பிறகு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டிலுமே நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை!

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. ஜாவாவின் உள் பாகங்களுக்குள் குறுக்கு வழியில் நுழைந்து பழகிய பழைய லைப்ரரிகள் ஏராளம். ஜாவா 9 வந்ததிலிருந்து அவற்றுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. ஜாவா 16 கதவைச் சாத்தியது. ஜாவா 17 பூட்டையே போட்டுவிட்டது. இப்போது பலரும் செய்வது, இணையத்தில் கிடைக்கும் "ஆட் ஓப்பன்ஸ்" கட்டளையை அர்த்தம் தெரியாமல் ஒட்டிக்கொள்வது. நிரல் ஓடும், சரி. ஆனால் ஒழுகும் குழாய்க்குத் துணி சுற்றியது போலத்தான் அது. புதிய லைப்ரரிக்கு மாறுவதே சரியான வழி. வேறு வழியில்லாமல் ஒட்டினாலும், ஏன் ஒட்டினோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கலாமே?

எந்த ஜாவா, எந்த கிரேடில் என்று புராஜெக்டின் ரீட்மீ கோப்பில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்த ஆண்டு அதே புராஜெக்டை எடுத்துத் தொடரப் போகும் ஜூனியருக்கு அந்த ஒரு வரி இரண்டு இரவுத் தூக்கத்தை மிச்சப்படுத்தும். நன்றாக நிரல் எழுதுபவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை எழுதுபவர்கள்தான் குறைவு.