சாதிக்கு ஒரு கட்டம், நோய்க்கு ஒரு வரியும் இல்லை

சிறை வாசலில் மனுப் பார்க்கக் காத்திருக்கும் வரிசையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மஞ்சள் பையில் மாத்திரை அட்டையோடு ஒரு தாய் நிற்பார். மகனுக்கு வலிப்பு நோய். மாத்திரை தவறினால் வந்துவிடும். "டாக்டர் சீட்டு எங்கேம்மா?" என்று கேட்பார்கள். சீட்டு வீட்டில் இருக்கிறது. சீட்டில்லாத மாத்திரை உள்ளே போகாது. அந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால், அவர் மகனுக்கு வலிப்பு உண்டு என்று உள்ளே ஏதாவது ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கிறதா? இந்தக் கேள்விக்குத்தான் அந்தத் தாய்க்குப் பதில் கிடைப்பதில்லை.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பகுதிகளில் தேர்த் தகராறு, சுடுகாட்டுப் பாதைத் தகராறு, கூலித் தகராறு என்று எது நடந்தாலும் சேரிக்குள் போலீஸ் வண்டி வருவது நமக்குப் பழக்கம். பிடிபடுகிறவர் கிளைச்சிறைக்கோ திருச்சி மத்திய சிறைக்கோ போகிறார். கூடவே அவருடைய சர்க்கரையும், ரத்த அழுத்தமும், பாதியில் நின்ற காசநோய் மருந்தும் போகின்றன. தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரும். சில வேளை உயிரே போகும். முதல் நாளில் கேட்டு எழுதினால் தடுக்கக்கூடிய சாவுகள் இவை.

எழுத வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. வெள்ளைக்காரன் போட்ட 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே அதைச் சொல்கிறது. உள்ளே வரும் கைதியை மருத்துவ அலுவலர் பரிசோதித்து, உடல்நிலையையும் உடம்பில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் ஏட்டில் பதிய வேண்டும் என்கிறது 24-ஆவது பிரிவு. மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கைதி கேட்டால் தாமதமின்றி மேலே தெரிவிக்கச் சொல்கிறது 37-ஆவது பிரிவு. மருத்துவர் சொல்வதை அன்றன்றே கைதியின் வரலாற்றுச் சீட்டில் ஏற்றச் சொல்கிறது அடுத்த பிரிவு. கைதி இறந்துவிட்டால், நோய் என்று முதலில் சொன்ன நாள் எது, மருத்துவருக்குத் தகவல் போன நாள் எது, மருத்துவமனையில் சேர்த்த நாள் எது என்று தனித்தனியாக எழுதச் சொல்கிறது 15-ஆவது பிரிவு. இந்த மூன்று தேதிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளிதான் பல சாவுகளின் உண்மையான காரணம்.

நோயை எழுதச் சுணங்கிய சிறைகள் வேறொன்றை மறக்காமல் எழுதிவந்தன. அது சாதி. பதிவேட்டில் அதற்கென்று கட்டமே இருந்தது. சாதி பார்த்து வேலை கொடுப்பதும், துப்புரவுப் பணியை நம் மக்கள் தலையில் கட்டுவதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நீக்கவும் உத்தரவிட்டது. சாதி வாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சாதிக் கட்டம் போகட்டும். அந்த இடத்தில் நோய்க் கட்டம் ஒழுங்காக நிரம்புகிறதா என்பதுதான் இனி நம் கேள்வி.

நமக்கு அண்டை மாவட்டமான திருச்சியின் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர் பாதிரியார் ஸ்டான் சுவாமி. ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக நீதிமன்றம் போனவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று அவரே கைதானார். நடுக்குவாத நோயால் கை நடுங்க, டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழலும் உறிஞ்சுகுவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பதில் சொல்லவே புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. சிறைக்கு வந்தபோது தானாகச் சாப்பிடவும் நடக்கவும் குளிக்கவும் முடிந்தது, இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்று 2021 மே மாதம் காணொலி வழியாக நீதிபதிகளிடம் அவரே சொன்னார். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மே 28 அன்று தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கொரோனா இருப்பது அங்கேதான் தெரிந்தது. ஜூலை 5 அன்று, 84-ஆவது வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்தார். ஊரறிந்தவருக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத கூலிக்காரரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதிவிட்டால் மட்டும் போதுமா? எதை எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் கைதானபோது உடல்தகுதிச் சான்று வாங்கப்பட்டது. அதைக் காட்டி ரிமாண்டும் வாங்கப்பட்டது. ஆனால் கோவில்பட்டி கிளைச்சிறையின் பதிவேட்டில் அவர்கள் உடம்பில் இருந்த காயங்கள் பதிவாயின. சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். ஒரு தாள் காயத்தை மறைக்க உதவியது, இன்னொரு தாள் அதைக் காட்டிக்கொடுத்தது. கைதிக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லாத இடத்தில் அந்த ஏடுதான் சாட்சி.

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லாதவர்கள். சிறையில் இருப்போரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித்.

ஆகவே நம் ஊர் இளைஞர்களும் மாணவர்களும் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அறிக்கையின் நகலை அவருக்கோ அவர் சொல்பவருக்கோ தர வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 53-ஆவது பிரிவு. அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். ரிமாண்டுக்காக நிறுத்தும்போது நோயையும் காயத்தையும் நீதித்துறை நடுவரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். மருந்துச் சீட்டின் நகலை மனுவோடு சிறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிர் தொடர்பான தகவல் என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். காவலில் சாவு நேர்ந்தால் நடுவர் விசாரணை கட்டாயம். அது யாரும் போடுகிற பிச்சை அல்ல.

அரசிடம் நாம் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, மருத்துவமனை என்று கைதி போகும் இடமெல்லாம் ஒரே மருத்துவக் குறிப்பேடு கூடவே போக வேண்டும். அதன் நகல் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லாததால் மருத்துவமனைப் பயணம் தள்ளிப்போனால் அந்தக் காரணமும் தேதியோடு அதில் ஏற வேண்டும்.

அடுத்த முறை நம் தெருவில் ஒருவரைப் பிடித்துப் போனால், வக்கீலைத் தேடி ஓடும் முன் ஒருவர் அவர் வீட்டுக்குள் போய் மருந்துச் சீட்டைத் தேடி எடுக்கட்டும்.