ஹுசைனி கற்றுக்கொடுத்த ‘ஒரே இதயம்’ கராத்தே!

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையின் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தை எட்டிப் பாருங்கள். வெள்ளை உடையில் வாண்டுகள் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். ஓரமாகக் காத்திருக்கும் பெற்றோர் மாஸ்டரிடம் கேட்பது, “எப்ப சார் பிளாக் பெல்ட்?” என்பதைத்தான். “இது எந்த ஸ்டைல் சார்?” என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

கராத்தேயில் பல பாணிகள் உண்டு. அதில் இஷின்ரியூ என்ற பாணியைத் தமிழ்நாட்டில் பரப்பியவர், மதுரையில் பிறந்த ஷிஹான் ஹுசைனி. ‘பத்ரி’ படத்தில் விஜய்க்குப் பயிற்சி கொடுப்பாரே, அவரேதான். 2025 மார்ச் 25 அன்று ரத்தப் புற்றுநோயால் காலமானார்.

‘இஷின்’ என்றால் ஒரே இதயம். ‘ரியூ’ என்றால் பாணி. இது பிறந்த இடம் ஒகினாவா. இன்று ஜப்பானின் ஒரு பகுதி. முன்பு ரியூக்யூ என்ற தனி ராஜ்ஜியம். சீனாவுடன் வணிகம் செய்த இந்தத் தீவுகளில், உள்ளூர்ச் சண்டை முறையும் சீனாவின் ஃபூஜியான் பகுதிக் கலையும் கலந்து உருவானதுதான் கராத்தே. (‘ஏழாம் அறிவு’ பார்த்துவிட்டு, “நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர் ஆரம்பிச்சதுதானே?” என்பவர்கள் உண்டு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. வரலாற்றுச் சான்றுதான் இல்லை!)

ஷோரின்ரியூ, கோஜுரியூ என்ற இரண்டு பழைய பாணிகளையும் கற்ற தட்சுவோ ஷிமபுக்கு, இரண்டையும் இணைத்து 1956 ஜனவரி 15-ல் இஷின்ரியூ என்று பெயரிட்டார். ஒகினாவா முகாமில் இருந்த அமெரிக்க மரைன் வீரர்கள் அவரிடம் கற்று, ஊர் திரும்பியதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அப்படி என்ன மாற்றினார்? மற்ற பாணிகளில் குத்தும்போது முஷ்டியைத் திருப்பி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி முடிப்பார்கள். இஷின்ரியூவில் முஷ்டி நிமிர்ந்தே நிற்கும். கட்டைவிரல் மேலே உட்கார்ந்து அழுத்த, மணிக்கட்டு மடங்காமல் இருக்கும். முழங்கையை முழுசாக நீட்டிப் பூட்ட மாட்டார்கள். குத்தியதும் கை சட்டென்று திரும்பிவிடும். அடியைத் தடுக்கும்போதும் முன்கையின் எலும்பைக் கொடுக்காமல் சதையைக் கொடுப்பார்கள். கால்களை அகட்டித் தாழ்ந்து உட்காருவதும் குறைவு. சாதாரணமாக நிற்கிற உயரம்தான். நெருங்கி வரும் எதிரியைச் சமாளிக்க வேண்டும், அதில் சொந்த மூட்டு கெடக் கூடாது என்பதே நோக்கம்.

வெறுங்கையோடு முடிவதில்லை. ஏறக்குறைய ஆறடிக் கம்பும் பாடத்தில் உண்டு. சிலம்பம் சுற்றிப் பழகிய பிள்ளைக்கு அந்த வகுப்பு மட்டும் அவ்வளவு புதிதாக இருக்காது.

அடுத்த வாரம் பிள்ளையை வகுப்பில் விடும்போது கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். முஷ்டியைத் திருப்பாமல் நிமிர்த்திக் குத்தச் சொன்னால், மாஸ்டரிடம் “இஷின்ரியூவா சார்?” என்று கேட்டுப் பாருங்கள்.