மறுபூச்சா, ஸ்லீவா?

புகைக்குழாயில் நீலப் புகை வரத் தொடங்கியதையும், ஆயில் மாற்றிய சில வாரங்களுக்குள்ளேயே அதன் மட்டம் இறங்கிவிடுவதையும் கண்டு, தம் மோட்டார் சைக்கிளைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்துகிறவருக்குச் சென்ற தலைமுறையில் பெரிய தர்மசங்கடம் எதுவும் இருந்ததில்லை. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டானால், அதன் வார்ப்பிரும்பு பிளாக்கைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ போர் செய்து, அந்த அளவுக்குரிய ஓவர்சைஸ் பிஸ்டனையும் ரிங்குகளையும் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100க்கு வெளியே அலுமினியமானாலும் உள்ளே லைனர் என்னும் இரும்பு உட்குழல் இருந்தபடியால், அதற்கும் அதே வைத்தியந்தான். ஓவர்சைஸ்கள் எல்லாம் தீர்ந்துபோனால் ஸ்லீவ் என்னும் புது உட்குழல் ஒன்றை இறக்கிப் பழைய ஸ்டாண்டர்ட் அளவுக்கே திரும்பிவிடலாம்.

இப்போது விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. 2008இல் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த யமஹா ஆர்15இன் சிலிண்டர், ஐந்தில் ஒரு பங்கு சிலிக்கன் சேர்ந்த அலுமினியத்தில் லைனரே இல்லாமல் வார்க்கப்பட்டது. 2013இல் வந்த கேடிஎம் 390 ட்யூக்கின் அலுமினியச் சிலிண்டருக்கோ, உட்சுவரில் நிக்கசில் என்னும் பூச்சு மட்டுமே காப்பு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லையாகையால், போர் செய்யப் புகுந்தால் முதலில் போவது அந்தப் பூச்சே. இத்தகைய சிலிண்டர் தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்பதுதான் ஷோரூம்களில் பொதுவாகக் கிடைக்கும் யோசனை. அந்தச் செலவுக்குத் துணியாதவர்கள், உள்ளே மறுபடியும் பூச்சு ஏற்றுவதா, அல்லது இரும்பு ஸ்லீவ் ஒன்றைப் புகுத்திப் பழைய வழிக்கே போய்விடுவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பூச்சுக் கட்சியின் நியாயம் பௌதிகத்தில் வேரூன்றியது. 1967இல் ஜெர்மனியின் மாலே நிறுவனம், என்எஸ்யூ காரின் சுழல் எஞ்சினை மனத்தில் கொண்டு, நிக்கலுக்குள் நுண்ணிய சிலிக்கன் கார்பைடு துகள்களைப் புதைத்து மின்முலாமாக ஏற்றும் உபாயத்தைக் கொண்டுவந்தபோது, அலுமினியத்தின் குணங்களை இழக்காமலே அதற்கு இரும்பையும் மிஞ்சிய கடினத்தைக் கொடுத்துவிட்டது. வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவில் அலுமினியம் உஷ்ணத்தைக் கடத்துகிறது. பிஸ்டனும் அலுமினியம், சிலிண்டரும் அலுமினியம் என்றாகும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் விரிகின்றன. அதனால் இடையே விடவேண்டிய இடைவெளியையும் மிகச் சிறியதாக வைத்துக்கொள்ள முடிகிறது. ஸ்லீவ் போட்டவுடன் இந்தச் சௌகரியங்கள் எல்லாம் போய்விடும். இரும்பு, அலுமினியம் விரிவதில் பாதிதான் விரியும். ஆகவே சிலிண்டரைச் சூடேற்றி, இறுக்கத்துக்கு வேண்டிய அளவு விட்டு, மிகுந்த கவனத்தோடு இறக்கிய ஸ்லீவைக்கூட, எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் வெளிச்சுவர் கொஞ்சம் நழுவ விடத்தான் பார்க்கிறது. அளவு சற்றே பிசகிப்போனால் இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து, உஷ்ணம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பிஸ்டன் ஜாமாவதில் போய் முடிகிறது.

ஆனாலும் பூச்சு குற்றமற்றதென்று யாரும் சொல்ல முடியாது. 1990களில் பிஎம்டபிள்யூ, ஜாகுவார் ஆகிய இரண்டு கம்பெனிகளும் தங்கள் வி8 எஞ்சின்களுக்கு நிக்கசிலை நம்பி இறங்க, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்ற பெட்ரோலில் இருந்த கந்தகம் அதை அரித்துவிட்டது. ஜாகுவார் இரும்பு லைனருக்கே திரும்பியது. நமக்கு அந்தப் பயம் இன்று வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் இந்தியா முழுவதும் விற்கும் பிஎஸ்-6 பெட்ரோலில், பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது.

என் ஆட்சேபம் வேறு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருவுக்கே வந்து வீட்டு வாசலில் உலை மூட்டினார். நிக்கசில் பூசுகிறவர் அப்படி வருவதற்கில்லை. பழைய பூச்சைக் கரைத்தெடுத்து, ஆழமான கீறல்களை ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பி, வட்டம் பிசகாமல் கடைந்து, ஒன்றன்பின் ஒன்றாக ரசாயனத் தொட்டிகளில் முக்கி, கடைசியில் வைரக் கல்லால் ஹோனிங் செய்ய வேண்டிய இந்தக் காரியத்துக்கு மூலதனமும் சாஸ்திர ஞானமும் வேண்டும். அதில் மிஞ்சும் நிக்கல் கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் சுத்திகரிக்கும் பொறுப்பும் உண்டு. ஆகவே இதைச் செய்யக்கூடிய இடங்கள் சொற்பமாகவே இருக்கின்றன. சிறிய ஊர்க்காரர் சிலிண்டரைப் பார்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதாகிறது. வந்த பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறதா என்பதை வண்டி ஓடிய பிறகே அறியலாம்; உரிந்தால் அதன் செதில்கள் ரிங்குகளையும் கெடுத்து ஆயிலிலும் கலக்கும். ஸ்லீவ் சரியில்லையென்றால், அதைத் தள்ளி எடுத்துவிட்டு இன்னொன்று போட அடுத்த தெரு லேத்காரர் இருக்கிறார்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது. பந்தயத்துக்கோ இடைவிடாத அதிவேகத்துக்கோ பயன்படும் எஞ்சினுக்கும், ஸ்லீவுக்காகக் கடைந்தால் சுவர் மெலிந்துபோகும் சிலிண்டருக்கும், காசைப் பாராமல் மறுபூச்சே சிலாக்கியம். ஆபீசுக்கும் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு, தேர்ந்த கை இறக்கிய ஸ்லீவ் எவ்விதத்திலும் குறைவில்லை. இரும்பு லைனரோடு பிறந்த ஆர்எக்ஸ் 100க்கும் பூச்சு வேண்டுமென்று தேடித் திரிகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஆசைக்கு மருந்தேது?

தனி மனிதருடைய இந்தத் தீர்மானத்துக்குப் பின்னால், கம்பெனிகள் தீர்க்கவேண்டிய ஒரு கடனும் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமையை ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழுவின் வரம்பில் மோட்டார் வாகனங்களும் அடங்கும். அதற்கான இணைய வாயிலும் அதே ஆண்டு டிசம்பரில் திறந்தாயிற்று. பூச்சுச் சிலிண்டரை விற்கிற கம்பெனி, தேய்ந்ததை வாங்கிக்கொண்டு மறுபூச்சிட்ட ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். அது இயலாதென்றால், இரும்பு ஸ்லீவுக்கு எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்ற ஓர் அளவையாவது தன் சர்வீஸ் மானுவலில் அச்சிட வேண்டும். ஏனெனில் இன்று அதில் உள்ள அளவு அலுமினியச் சிலிண்டருக்கு உரியது; அதை அப்படியே நம்பி ஸ்லீவைக் கடைகிறவர் பிஸ்டனை ஜாமாக்குவார், அதற்குப் பயந்து அதிகம் விடுகிறவரோ வண்டியைச் சத்தத்தோடும் புகையோடும் திருப்பிக் கொடுப்பார். அந்த அளவு அச்சாகும் வரையில், ஸ்லீவ் போடத் துணிகிறவர்கள் பிஸ்டனை முன்னதாகவே வாங்கி லேத்காரர் கையில் கொடுத்துவிட்டு, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போர் செய்யும்படி சொல்லிவிட வேண்டும்.