வளைவும் துணிவும்

‘துணிந்து சாயடா, வண்டி தானே திரும்பும்’ என்று பழையவர்கள் புதியவர்களுக்கு அறிவுரை கூறுவதை நம் விடுதி வாயிலில் எந்த மாலையிலும் கேட்கலாம். நானும் கூறியிருக்கிறேன். கூறியதோடு நில்லாமல், அதை நம்பி ஒரு நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியும் இருக்கிறேன். அந்த அறிவுரை பிழையானது என்று வழக்காடவே இன்று பேனாவை எடுத்தேன். சங்கத்தின் ஆண்டுப் பயணம் நெருங்குகிறது. இம்முறையும் சிங்ககட் கோட்டைக்குத்தான் என்று பேச்சு. ஆகவே வழக்கைத் தள்ளிப்போட இயலாது.

முதலில் என் தகுதியைக் கூறிவிடுகிறேன். நான் சேலத்துக்காரன். அப்பாவின் ஸ்ப்ளெண்டரில் வண்டி பழகியவன். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. கல்லூரி நாட்களில் அவற்றில் எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. வளைவு என்றால் எனக்கு விளையாட்டு. புனேக்கு வந்தபின், படிப்பு முடித்து ஊர் திரும்பிய அண்ணன் ஒருவரிடம் பழைய அவெஞ்சர் 220 ஒன்றை வாங்கினேன். தாழ்ந்த இருக்கை, முன்னே நீட்டிய கால், அகன்ற கைப்பிடி. அதில் அமர்ந்தால் சாய்வு நாற்காலியில் அமர்ந்த மிராசுதாரின் தோற்றம் வந்துவிடும்! நண்பர்கள் ‘ஜமீன்தார்’ என்று பெயரிட்டனர். அந்தப் பெயரில் எனக்கு மகிழ்ச்சியே. பொய் சொல்வானேன்?

வாங்கிய மறுவாரமே சிங்ககட் பயணம் வந்தது. 1670-இல் தானாஜி உயிர் கொடுத்து வென்ற கோட்டை. புனேயிலிருந்து தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டர். மேலே சுடச்சுடப் பிட்லாவும் பாக்ரியும், மண் கலயத்தில் தயிரும் கிடைக்கும். நம் சங்கத்தார் கோட்டையின் வரலாற்றுக்காகச் செல்கிறார்களா, தயிருக்காகச் செல்கிறார்களா என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. அது நிற்க.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது. என் பின்னால் மதுரை நண்பன். முன்னே சென்ற வண்டிகள் ஒரு வளைவில் மறைந்துவிட்டன. எட்டிப் பிடிக்க எண்ணினேன். இடப்பக்கம் திரும்பும் வளைவு. ஸ்ப்ளெண்டரில் செய்வதைப் போலவே முழங்காலால் டாங்கியை நெருக்கி, இடுப்பை லேசாகத் தள்ளினேன். நெருக்க முழங்காலுக்கு அங்கே டாங்கி இல்லை! கால்கள் முன்னே நீண்டு கிடந்தன. வண்டி சிறிதளவே சாய்ந்தது. வளைவோ என்னைவிட வேகமாகத் திரும்பியது. எதிரே பயணிகளை ஏற்றிய ஜீப் ஒன்று மேலேறி வந்தது. என் கண் அந்த ஜீப்பைவிட்டு அகலவில்லை. முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். சாய்ந்திருந்த கொஞ்சமும் போய் வண்டி நிமிர்ந்து நேராகச் சென்றது, சாலையின் வலப்பாதிக்கு.

ஜீப்காரர் நிறுத்திவிட்டார். எங்களுக்கும் அவருக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். அவர் மராத்தியில் என்னென்ன கூறினார் என்பது முழுதும் விளங்கவில்லை. விளங்கியவரை நியாயமாகவே இருந்தது. நண்பன் இறங்கினான். அவன் கை நடுங்கிற்று. “மாப்ள, நான் நடந்து வர்றேன்டா. நீ போ” என்றான். அடிவாரம் வரை நடந்தே வந்தான். அவன் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் ஒரு மாதம் வளைவு என்றாலே என் தோள்கள் கல்லாயின. பல்கலைக்கழகத்துக்குள் ஆலமரத்தடியில் திரும்புவதற்குக்கூட மாட்டுவண்டி வேகம். துணிவு போய்விட்டது என்று நினைத்தேன். நண்பர்களும் அதையே கூறினர். மருந்தாக மீண்டும் அதே பாட்டு: துணிந்து சாய். உண்மையில் மலையில் எனக்குத் துணிவு குறைவாகவா இருந்தது? அளவுக்கு மேலேயே இருந்தது. இல்லாதது வேறு.

இல்லாதது இன்னதென்று எனக்குக் காட்டியவர் வண்டி பழுது பார்க்கும் ஒரு மராட்டியப் பெரியவர். எல்லாரும் அவரைக் காகா என்றே அழைப்போம். பிரேக் சரிபார்க்கக் கொண்டுபோனபோது நடந்ததைக் கூறினேன். அவர் பிரேக்கைப் பார்க்கவில்லை. “இடப்பக்கம் போக எந்தக் கைப்பிடியைத் தள்ளுவாய்?” என்று இந்தியில் கேட்டார். நான் விழித்தேன். வலப்பக்கத்தைத் தள்ளினால்தானே சக்கரம் இடப்பக்கம் திரும்பும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல், பேட்டா” என்றார்.

ஓட்டிப் பார்த்தேன். ஆள் இல்லாத நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இடக் கைப்பிடியை மிக மெல்ல முன்னே அழுத்தினேன். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்கியது. அதனால் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் இடப்பக்கமே திரும்பியது. எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கக் கைப்பிடியைத் தள்ள வேண்டும்! ஏழு ஆண்டுகளாக, ஓட்டக் கற்ற நாள் முதல், நான் இதைத்தான் அறியாமலே செய்துவந்திருக்கிறேன். ஸ்ப்ளெண்டர் சுமார் 110 கிலோ. இடுப்பை அசைக்கும்போதே கையும் தன்னையறியாமல் அழுத்திவிடும். சிறு வண்டி உடனே கீழ்ப்படியும். அவெஞ்சர் அதைவிட 50 கிலோ கனம். இரு சக்கரங்களுக்கும் இடையே கால் மீட்டர் கூடுதல் நீளம். முன்கவை சாய்ந்து நீண்டது. உடம்பின் அசைவுக்கு அது இசையாது; கையால், தெரிந்தே, கேட்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பின்னர் அறிந்தேன். ஆகாய விமானம் கண்ட வில்பர் ரைட், சைக்கிள் கடை நடத்தியவர் அல்லவா? அவரும் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலரிடம் ‘இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள்’ என்று கேட்டாராம். முதற்கேள்விக்கே சரியாக விடை கூறியவர் எவருமில்லையாம்.

நான் வெட்கப்பட வேண்டியது வேறொன்றுக்கு. நான் இயற்பியல் மாணவன். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அந்தச் சமன்பாட்டை ஒருநாளும் சாலையில் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்திற்குச் சுமார் 20 பாகை சாய வேண்டும். 40 கிலோமீட்டர் என்றால் 32 பாகை. வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சாய்வு பாதிக்கு மேல் கூடுகிறது. வண்டியின் எடை அந்தச் சமன்பாட்டில் இல்லவே இல்லை! கனமான வண்டி திரும்பாது என்பது வீண் பேச்சு. ஆனால் சமன்பாட்டில் இல்லாத இன்னொன்று வண்டியில் உண்டு. தாழ்ந்த வண்டியில் கால் வைக்கும் கம்பியும் தாழ்ந்தே இருக்கும். உயர்ந்த வண்டியைவிடக் குறைந்த சாய்விலேயே அது தார்ச்சாலையை உரசும். அதற்கு மேலும் ‘துணிந்து சாய்ந்தால்’ என்ன ஆகும்? கம்பி பாறையைப் போல ஊன்றிக்கொண்டால் சக்கரம் தரைப்பிடியை இழக்கக்கூடும். துணிவு வந்து தூக்கி நிறுத்தாது.

ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். உள்ளே போனபின் அல்ல. கியரையும் முன்பே இரண்டாவதற்கு இறக்கிவிட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் நம்மிடையே சிலர் உண்டு. எஞ்சின் தரும் தடையை இழந்து முழுப் பாரத்தையும் பிரேக்கின்மேல் ஏற்றுகிறார்கள். கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். நான் ஜீப்பைப் பார்த்தேன். வண்டி ஜீப்பை நோக்கிப் போனது. தோளும் முழங்கையும் தளர்ந்திருக்க வேண்டும். இறுகிய கை, திரும்ப முயலும் சக்கரத்தோடு மல்லுக்கு நிற்கும். என்னைப் பிடித்திருந்த அச்சமே என்னைத் திரும்பவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது!

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் காலை ஆறரை மணிக்கு வெற்று மைதானத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுச் சுற்றினேன். முதலில் 15 தப்படி ஆரம், பின்னர் 10. பிறகு இரு வட்டங்களைச் சேர்த்து எட்டு. நடை வேகத்தில் கைப்பிடியைத் திரும்பும் பக்கமே திருப்ப வேண்டியிருந்தது. கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மட்டும் லேசாக மிதிக்க வேண்டியிருந்தது. காலையில் நடக்க வந்த பேராசிரியர் ஒருவர் என்னைச் சர்க்கஸ்காரன் என்று எண்ணியிருப்பார். இரண்டாம் ஞாயிறு ஒருமுறை நடை வேகத்தில் விழுந்தேன், முழங்கை சிராய்த்தது, சாலையில் விழுந்திருந்தால் அத்தோடு போயிருக்காது. மூன்றாம் ஞாயிறு தோள்கள் தாமாகவே தளர்ந்தன. எப்போது தளர்ந்தன என்பதே தெரியவில்லை.

‘இவ்வளவு காலம் ஓட்டியவனுக்கு மீண்டும் அரிச்சுவடியா?’ என்று கேட்பார்கள். கேட்டார்கள். அவர்களுக்கு ஒன்று கூறுவேன். புனேக்கு வந்து மராத்தியில் ஒரு முழு வாக்கியம் பேச நான் ஆறு மாதம் தயங்கினேன். வாய்க்குப் பழகிய தமிழ், புது மொழிக்கு உதவாது என்று தெரிந்திருந்தது. வேறு வண்டிக்கு மாறியபோது ஆறு நிமிடம்கூடத் தயங்கவில்லை. ஒன்றுமே அறியாதவன் மெல்லப் போவான். ஒன்றை அறிந்தவன்தான் மற்றொன்றிலும் வேகமாகப் போவான். ஏற்காடு எனக்குக் கற்பித்தது பொய்யன்று. அது ஸ்ப்ளெண்டரின் பாடம்.

எதிர்ப்புறம் நின்று பேசுவோரும் உண்டு. இத்தகைய வண்டி மலைக்கே ஆகாது, விற்றுவிடு என்கின்றனர். இதையும் ஒப்பமாட்டேன். பயிற்சிக்குப்பின் பழைய காத்ரஜ் மலைச்சாலையில் தனியே சென்று வந்தேன். மற்றவர்களைவிட மெதுவாகத்தான் சென்றேன். ஒரு வளைவிலும் என் பாதியைவிட்டு மறுபாதிக்குப் போகவில்லை. ஒரு வளைவிலும் மூச்சைப் பிடிக்கவில்லை. இதற்குமேல் மலையில் என்ன வேண்டும்?

சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆண்டு நம்மில் ஐந்தாறு பேர் வண்டி மாற்றியிருக்கிறார்கள். சிலர் தாழ்ந்த வண்டிக்கு; ஒருவர் முன்னே குனிந்து ஓட்டும் பந்தய வகைக்கு. பயணத்தில் அவர்களைக் கடைசியில் விடும் வழக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் வருபவன் எட்டிப் பிடிக்க விரைவான். நான் விரைந்ததைப் போல. புது வண்டிக்காரன், வழிகாட்டிக்கு அடுத்து இரண்டாவதாக வரட்டும். அவன் வேகமே அனைவரின் வேகம். மாற்றிய வண்டியில் முதல் மலைப்பயணத்தின்போது பின்னால் எவரையும் ஏற்றக் கூடாது. மழை ஓய்ந்த சாலையில் பாசியும் சரளையும் இருக்கும். பார்வை எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே வேகம். தாமதமானால் தயிர் தீர்ந்துவிடும் என்று வாதிடுபவர்கள் பேருந்தில் முன்னதாகச் செல்லலாம்.

மதுரை நண்பனை மறுமுறை அழைத்தேன். “வர்றேன், ஆனா ஒன் வண்டியில இல்லடா” என்றான். அது அவன் உரிமை. மைதானத்திற்கு மட்டும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான், வேடிக்கை பார்க்க. வண்டி மாற்றிய மற்ற நண்பர்களும் வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வாருங்கள். ஹெல்மெட் உங்களுடையது, சுண்ணக்கட்டி நான் கொண்டுவருகிறேன்.